வலது கை தாமதமாக வரும்

என் வீட்டுக்காரர் ஜாபர் அலிக்கு ஒரு பாட்டின் முடிவு தெரியாது. கேட்டால் சிரிப்பீர்கள். எங்கள் வீட்டில் குறைகளுக்கா பஞ்சம்? மழை வந்தால் அடுப்படி ஒழுகுகிறது, என் முழங்கால் மடங்க மாட்டேன் என்கிறது, மகள் யாஸ்மினுக்கு வாய்த்த மாமியாரைப் பற்றிச் சொல்லி மாளாது. இதையெல்லாம் விட்டுவிட்டு, தோஹாவில் ஒரு ஓட்டலில் யாரோ ஒரு கிழவர் பியானோவில் வாசித்த பாட்டு எப்படி முடியும் என்று இந்த மனிதர் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் கையை வைத்துக்கொண்டு யோசித்தால், கட்டிக்கொண்டவளுக்கு எரிச்சல் வருமா வராதா?

கல்யாணமான மறு வருஷமே தோஹாவுக்குக் கிளம்பிப் போனவர். ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். வருகிறேன் என்று சொன்ன தேதிக்கு ஒருநாளும் வந்ததில்லை. மாற்று ஆள் வரவில்லை, டிக்கெட் போடவில்லை என்று ஏதாவது ஒன்று இருக்கும். நான் இங்கே விருத்தாசலத்தில் பிள்ளையைப் பெற்று, வளர்த்து, மாமனாரை அடக்கம் செய்து, பீங்கான் கம்பெனியில் வேலைக்கும் சேர்ந்துவிட்டேன். அச்சிலிருந்து எடுத்த ஃப்யூஸ் கட்டைகளை ஈரப் பஞ்சால் துடைத்து, ஓரத்துப் பிசிறைச் சுரண்டுகிற வேலை. நான் இங்கே துடைத்தேன், அவர் அங்கே துடைத்தார். எங்கள் குடும்பக் கதை அவ்வளவுதான்.

ஓட்டலின் வாசல் கூடத்தில்தான் அவருக்கு வேலை. கண்ணாடி துடைக்க வேண்டும், பித்தளைக் கைப்பிடி துடைக்க வேண்டும், தொட்டிச் செடியின் இலைகளைக்கூடத் துடைக்க வேண்டுமாம். காலையில் அந்தக் கறுப்புப் பியானோவையும் துடைக்க வேண்டும். விருந்தாளிகள் இருக்கும் நேரத்தில் துடைக்கிறவன் அந்தக் கூடத்தில் நிற்கக் கூடாது. உட்காருவதைப் பற்றிப் பேச்சே இல்லை. நின்றால் வேலை இல்லை என்று அர்த்தம், வேலை இல்லை என்றால் ஆள் எதற்கு? அதனால் நடந்துகொண்டே இருக்க வேண்டும். அவருக்கு முதுகு போனது அப்படித்தான்.

சாயந்திரம் டீ குடிக்க ஆட்கள் வரும் நேரத்தில் ஒரு ருமேனியாக்காரக் கிழவர் வந்து பியானோ வாசிப்பார். கோட்டுக் கை நைந்து போயிருக்குமாம். யாரும் கவனித்துக் கேட்க மாட்டார்கள். கரண்டிச் சத்தத்துக்கும் பேச்சுச் சத்தத்துக்கும் நடுவில் அவர் பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருப்பார். துடைக்கிற துணியோடு சுற்றிச் சுற்றி நடந்த இவர் ஒருவர்தான் கேட்டிருக்கிறார்.

ஒரு லீவில் வந்தபோது அதை எனக்கு விளக்கினார். சாப்பாட்டுப் பாயில் ரெண்டு கையையும் வைத்துக் காட்டினார்.

"மத்தவங்க வாசிச்சா ரெண்டு கையும் ஒண்ணா வுழும், பதுரு. இவரு அப்படி இல்ல. எடது கை முன்னாடி போயிடும். வலது கை ஒடனே வராது. வருமா வராதான்னு நம்ம நெஞ்சு எட்டிப் பாக்கும் பாரு, அப்பதான் வரும். அந்தக் காலத்துல பெரிய பெரிய வித்வானுங்க எல்லாம் அப்படித்தான் வாசிப்பாங்களாம். இப்ப யாரும் அப்படி வாசிக்கிறதில்லியாம். அவரே ஒரு நா சொன்னாரு."

"அதாவது நீங்க லீவுல வர்ற மாதிரி," என்றேன்.

அவர் பாயிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். சொல்லியிருக்க வேண்டாம்தான். ஆனால் வாயில் வந்ததை விழுங்கி எனக்குப் பழக்கமில்லை.

அந்தக் கிழவர் தினமும் வாசிக்கிற பாட்டுகளில் ஒன்றின்மேல்தான் இவருக்குப் பைத்தியம். மெதுவான பாட்டு. நடுவில் ஓரிடத்தில் வலது கை மட்டும் தனியாக மேலே மேலே ஏறிப் போய் உச்சியில் நின்றுகொள்ளுமாம். அந்த இடம் வரும்போது இவருடைய சுற்று கூடத்தின் கடைசித் தூணுக்கு வந்துவிடும். அதற்கப்புறம் கழிவறைப் பக்கம் போய் வாஷ்பேசின்களைத் துடைக்க வேண்டும். கதவு தானாகச் சாத்திக்கொள்ளும், உள்ளே ஒன்றும் கேட்காது. திரும்பி வரும்போது கிழவர் வேறு பாட்டில் இருப்பார். ஒரு தடவை சுற்றை மாற்றி, தூணுக்குப் பின்னால் நின்று கேட்கப் பார்த்திருக்கிறார். சூப்பர்வைசர் பார்த்துவிட்டு, துணி வெளுக்கிற கீழ்த்தளத்துக்குத் தள்ளிவிட்டான். ஒரு கோடை முழுக்க வெந்நீர் ஆவியில் கிடந்து, கெஞ்சிக் கூத்தாடி மேலே வந்தார். அதற்கப்புறம் தூண் பக்கம் நிற்கத் துணியவில்லை.

பிறகு ஒருநாள் கிழவர் வரவில்லை. அவருக்குப் பதில் தானாகவே வாசிக்கிற பியானோவைக் கொண்டுவந்து வைத்தார்கள். "ஆளே இல்லாம கட்டை எறங்கி ஏறுது பதுரு, ஜின்னு ஒக்காந்து வாசிக்கிற மாதிரி," என்று போனில் சொன்னார். "ரெண்டு கையும் சரியா ஒண்ணா வுழுது." குரல் ஒரு மாதிரி இருந்தது. பிள்ளையின் படிப்பைப் பற்றிப் பேசலாம் என்று காத்திருந்த நான், "ஏங்க, இதுக்கா போன் பண்ணீங்க?" என்று கேட்டு வைத்துவிட்டேன்.

முதுகு போய், விசா முடிந்து, ஒருவழியாக ஊருக்கு வந்து சேர்ந்தார். இனிமேலாவது உட்கார்ந்து சாப்பிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. என் கம்பெனியிலேயே மண் அரைக்கிற பால் மில்லில் ஆள் தேவைப்பட்டது. ஆள் உயரத்துக்கு மேலே ஒரு இரும்பு உருளை. உள்ளே மண்ணும் தண்ணீரும் கூழாங்கல்லும் போட்டுச் சுற்றவிட்டால், கல் புரண்டு புரண்டு மண்ணை மாவாக அரைக்கும். அந்தச் சத்தம் இருக்கிறதே, ரெண்டு ஷெட் தள்ளி உட்கார்ந்திருக்கிற எனக்கே மண்டையைக் குடையும். இவர் அதன் பக்கத்திலேயே நிற்கிறார். காதில் பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் கத்தியது அவர் காதில் விழவேயில்லை.

போன வருஷம் வலது காது அடைத்துவிட்டது. காது டாக்டர் பார்த்துவிட்டு, அது திரும்பாது, இடதும் அதன் பின்னாலேயே போய்க்கொண்டிருக்கிறது, சத்தத்தை விட்டு விலகு என்றார். விலகி எங்கே போவது? இந்த வயதில் இந்த முதுகோடு வேறு யார் வேலை கொடுப்பார்கள்? ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வழியில் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"காது போறதுக்குள்ள அத ஒருக்கா முழுசா கேட்டுடணும், பதுரு," என்றார்.

"எத?"

"அந்தப் பாட்ட. எப்படி முடியுதுன்னு."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. பேத்தி இப்போதுதான் பேச ஆரம்பித்திருக்கிறாள், அவள் குரலைக் கேட்க வேண்டும் என்று சொல்லக் கூடாதா? நான் பேசுவதைக் கேட்க வேண்டும் என்றுதான் சொல்லக் கூடாதா? திட்ட வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. எங்கள் ஊர் வழியாகப் போகிற திட்டக்குடி பஸ் வந்து நின்றது, ஏறினோம்.

யாஸ்மின் போனில் தேடித் தேடிப் போட்டுக் காட்டினாள். பாட்டின் பெயர் தெரியாமல் எதைத் தேடுவது? இவர் முனகிக் காட்டினால் போன் ஏதோ சினிமாப் பாட்டைப் போட்டது. மெதுவான பியானோ என்று தேடினால் நூறு வந்தது. எல்லாம் பளிச்சென்று, அளந்து வைத்த மாதிரி இருந்தது. ஒவ்வொன்றுக்கும் இவர் தலையை ஆட்டினார். "இது இல்லம்மா. இதுல ரெண்டு கையும் போலீஸ்காரன் பரேடு மாதிரி நடக்குது." கொஞ்ச நாளில் யாஸ்மின் சலித்துப்போய், "அத்தா, ஒங்க மனசுக்குள்ள இருக்கிறது ஒலகத்துல எங்கயும் கெடைக்காது," என்று சொல்லிவிட்டாள்.

இந்தத் தை மாசத்தில் மெர்சி வீட்டுக் கல்யாணம் வந்தது. மெர்சி கம்பெனியில் எனக்குப் பக்கத்து மேசையில் கட்டை துடைக்கிறவள். அவள் மகள் அனிஷாவுக்கு மாதா கோயிலில் கல்யாணம். ரெண்டு பேரும் போயிருந்தோம். பொண்ணு இன்னும் வந்து சேரவில்லை. கூட்டம் சலசலத்துக்கொண்டிருந்தது. முன்னால் ஓரமாக லீமா டீச்சர் கீபோர்டில் ஏதோ வாசித்துக்கொண்டிருந்தார். பெண்கள் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருந்து ரிட்டையர் ஆனவர். கல்யாணம் ஆகாதவர். வேகமாக வாசிக்கத் தெரியாதவர் என்று ஊரில் பேர்.

இவர் செருப்பு விடுகிற பக்கவாசலில் நின்றிருந்தார். திடீரென்று இடது காதைத் திருப்பிக்கொண்டு உள்ளே எட்டு வைத்தார். காது மந்தமானவர்களுக்குத் தங்கள் குரல் எவ்வளவு பெரிது என்று தெரியாது. "பதுரு! வலது கை லேட்டா வருது!" என்றார். கோயில் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன்.

அதற்குள் பாடற்குழுப் பையன் ஒருவன் குனிந்து, "டீச்சர், இழுக்காதீங்க டீச்சர், எல்லாரும் தூங்கிடுவாங்க," என்று சொல்லி ஒரு பொத்தானை அமுக்கினான். டும் டக் டும் டக் என்று தாளம் அதுவாகவே ஓட ஆரம்பித்தது. டீச்சர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவர் முகம் வாடியதை நான் பார்த்தேன்.

சாப்பாட்டில் எங்களுக்காக மெர்சி தனியாகச் சோறும் சாம்பாரும் வைத்திருந்தாள். இவர் அதில் கையையே வைக்கவில்லை. நேராக டீச்சர் சாப்பிட்டுக்கொண்டிருந்த இடத்துக்குப் போய் நின்றுவிட்டார். நானும் பின்னால் ஓடினேன்.

"டீச்சர், நீங்க வாசிச்ச மாதிரி யாரும் வாசிக்கிறதில்ல," என்றார்.

"தெரியும் பாய். பசங்க வையறானுங்க."

"வையட்டும். எனக்கு அப்படித்தான் வேணும்."

டீச்சர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். திருச்சியில் போர்டிங்கில் படித்தபோது ஒரு கிழட்டு வெள்ளைக்கார சிஸ்டர் அப்படித்தான் கற்றுக்கொடுத்தாராம். கையை ஒன்றாகப் போட்டால் விரலில் அடி விழுமாம். "அப்புறம் மாத்திக்க முடியல. ஒரு ஆளாச்சும் நல்லாருக்குன்னு சொல்லி இப்பதான் கேக்கறேன்," என்றார்.

இவர் அந்தப் பாட்டை முனகிக் காட்டினார். கல்யாணச் சாப்பாட்டில், அத்தனை பேர் நடுவில். டீச்சருக்குப் புரியவில்லை. அப்போது மேசையில் விரித்திருந்த காகிதத்தின்மேல் இடது கையால் தட்டிக் காட்டினார். கீழே ஒன்று, மேலே ரெண்டு, கீழே ஒன்று, மேலே ரெண்டு. அதன்மேல் மறுபடி முனகினார். டீச்சரின் எச்சில் கை அப்படியே நின்றது.

"அதுவா!" என்றார். "அது அந்தக் காலத்து ஐரோப்பாப் பாட்டு. பேரு சொல்லட்டுமா?"

"பேரு வேணாம் டீச்சர். முடிவுதான் வேணும்."

"முடிவ வாயால சொல்ல முடியாது பாய். வர்ற ஞாயித்துக்கிழம வூட்டுக்கு வாங்க. அக்காவையும் கூட்டிட்டு வாங்க. வூட்ல பியானோ இருக்குது."

அந்த ஒரு வாரம் இவர் வீட்டில் இருந்த இருப்பைச் சொல்ல வேண்டும். புது மாப்பிள்ளை தோற்றான். சட்டைக்கு இஸ்திரி போட்டார். காலையில் எழுந்ததும் இடது காதருகே விரலைத் தேய்த்துப் பார்த்து, கேட்கிறதா என்று சோதித்தார். ஆனால் நமக்கென்று ஒன்று வந்தால் ஒழுங்காகவா வரும்? மில்லில் மாற்று ஆள் கருவேப்பிலங்குறிச்சிக்காரன், அறுவடை என்று போனவன் வரவில்லை. சனிக்கிழமை காலையில் வேலைக்குப் போனவர் ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் திரும்பி வந்தார். கண் ரெண்டும் செவசெவவென்று இருந்தது. முடியெல்லாம் மண் மாவு.

"தூங்குங்க. அடுத்த வாரம் போகலாம்," என்றேன்.

"இன்னிக்கி காது கொஞ்சம் தெறந்திருக்குது பதுரு. அடுத்த வாரம் இருக்குமோ என்னவோ," என்று குளிக்கப் போனார்.

டீச்சர் வீடு ஜங்ஷனுக்குப் பின்னால் இருக்கிறது. அவருடைய அப்பா ரயிலில் கார்டாக இருந்தவர். ஊரைவிட்டுப் போன ஒரு ஆங்கிலோ இந்தியச் சட்டைக்காரக் குடும்பத்திடம் வாங்கிய பியானோவாம். சுவரோடு சாய்ந்து நின்றது. மேலே இருந்த மாதா சிலையை டீச்சர் எடுத்துக் கட்டிலில் வைத்தார். வாசிக்கும்போது அது கடகடவென்று ஆடுமாம். சில கட்டைகளை அமுக்கினால் எழுந்திருக்காது, அதை விரலால் தூக்கிவிட வேண்டும் என்று முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். விரல் கணுக்கள் வீங்கியிருந்தன. எங்களுக்கு டீ கொடுத்துவிட்டு, அப்பாவின் பிரம்பு நாற்காலியை இழுத்துப் போட்டார். மெத்தை வைத்து, சாய்வதற்குத் தோதான நாற்காலி.

"ஒக்காருங்க பாய்."

"இல்ல டீச்சர். நான் நிக்கிறேன். ஒக்காந்து கேட்டுப் பழக்கமில்ல."

டீச்சருக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. தோளைப் பிடித்து அமுக்கினேன். "அட ஒக்காருங்க! இங்க எந்த சூப்பர்வைசர் வரப்போறான்?" என்றேன். நுனியில் உட்கார்ந்தார். யாராவது வந்தால் உடனே எழுந்துகொள்கிற மாதிரி.

டீச்சர் வாசிக்க ஆரம்பித்தார். இடது கை விழுந்தது. வலது கை வரவில்லை. பாவம், விரல் வராமல் தடுமாறுகிறார் என்று நினைத்தேன், எனக்கும் காலையில் விரல் மடங்காது. அப்புறம் வந்தது. அடுத்ததற்கும் அப்படியே. இடது கை முன்னால் போய்க் காத்திருந்தது, வலது கை பின்னால் வந்து சேர்ந்தது. எனக்குப் பாட்டும் தெரியாது, ராகமும் தெரியாது. ஆனால் காத்திருப்பது தெரியும். என் ஆயுசே அதில்தான் போயிருக்கிறது.  இத்தனை வருஷம் இதையா இந்த மனிதர் சொல்லிக்கொண்டிருந்தார், இதையா நான் கேலி பண்ணினேன் என்று இருந்தது.

வலது கை தனியாக மேலே ஏற ஆரம்பித்தது. தூண் வருகிற இடம் அதுதான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. இதற்கு மேலே அவர் கேட்டதில்லை. முகம் எப்படி இருக்கிறது என்று பார்க்கலாம் என்று திரும்பினேன்.

தூங்கிவிட்டிருந்தார்.

வாய் லேசாகத் திறந்திருந்தது. உடம்பு பின்னால் சரிந்து, தலை சாய்ந்து, அந்த நல்ல காது, இடது காது, மெத்தையில் புதைந்திருந்தது. யா அல்லாஹ், இந்த மனிதருக்கு நேரம் பார்த்துத் தூக்கம் வந்ததே!

டீச்சர் வாசித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தார். எழுப்புங்கள் என்று கண்ணாலேயே சொன்னார். என் கை இவர் தோள்வரை போய்விட்டது. அப்போது அந்த முகத்தைப் பார்த்தேன். வீட்டில் இவர் தூங்குகிற லட்சணம் எனக்குத் தெரியும். சுருண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிட்டு எழுவார். லீவில் வந்த நாட்களிலும் திரும்பிப் போகிற கவலையிலேயே படுத்திருப்பார். காலை நீட்டி, கை தளர்ந்து, ஒரு வேலையும் பாக்கி இல்லாதவரைப் போல இவர் தூங்கி நான் பார்த்ததே இல்லை. கட்டிக்கொண்ட நாளிலிருந்து பார்த்ததில்லை. எனக்கு மனசு வரவில்லை. கையை எடுத்துக்கொண்டேன். நிறுத்தாதீங்க என்று டீச்சருக்குக் கை காட்டினேன்.

பிறகு அவருக்குப் பதிலாக நான் கேட்டேன். மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு, ஒன்றையும் தவறவிடாமல் கேட்டேன். உச்சியில் நின்ற அந்தக் கை படிப்படியாக இறங்கி வந்தது. சத்தம் சிறுத்துக்கொண்டே போனது. வலது கை இன்னும் இன்னும் தாமதமாக வந்தது. கடைசியில் ஓரிடத்தில் ரெண்டு கையும் நின்றுவிட்டன. இனி வராது என்று நினைத்தேன். அப்புறம் ரெண்டும் வந்தன. டீச்சர் விரலை எடுக்காமல் அந்தச் சத்தம் முழுக்கக் கரைகிறவரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.

மில்லில் வேலை செய்கிறவர்கள் சத்தத்தில் தூங்குவார்கள், சத்தம் நின்றால் எழுந்துவிடுவார்கள். இவரும் எழுந்தார். விழித்த வேகத்தில் துள்ளி நின்று, "சாரி சார்," என்றார். பையிலிருந்து கைக்குட்டையை உருவி, பியானோவின் பக்கப் பலகையைத் துடைக்க ஆரம்பித்தார். டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். நான் ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்தேன்.

"ஏங்க. நம்ம ஊருங்க இது. டீச்சர் வூடு."

என்னைப் பார்த்தார், பியானோவைப் பார்த்தார். கைக்குட்டை கீழே விழுந்தது. மெதுவாகப் புரிந்தது.

"முடிஞ்சிட்டுதா?"

"முடிஞ்சிட்டுது."

அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. "இன்னொரு தரம் வாசிக்கிறேன் பாய், அதுக்கென்ன," என்று டீச்சர் அவசரமாகச் சொன்னார். சொல்லிக்கொண்டே மணிக்கட்டை நீவினார். இவர் அதைப் பார்த்துவிட்டார். "வேணாம் டீச்சர். கை வலிக்கிது ஒங்களுக்கு. காது இருந்தா இன்னொரு நா வரேன்," என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, இடது காதை என் வாயருகே கொண்டுவந்தார்.

"நீ கேட்டியா பதுரு?"

"கேட்டேன்."

"எப்படி முடிஞ்சிது?"

எனக்கு அழகாகச் சொல்லத் தெரியாது. பார்த்ததைச் சொன்னேன்.

"கடைசியில ரெண்டு கையும் ஒண்ணா வந்துச்சுங்க."

"ஒண்ணாவா? லேட்டா வரலியா?"

"இல்லைங்க. சேந்து வந்துச்சு."

 பிறகு யாரும் சொல்லாமல், அவராகவே போய் அந்த நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.